சுருக்கி எழுதிய ராஜலிங்கம் சேர்

பேராதனையில் ராஜலிங்கம் சேரிடம் படித்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘மைனஸ் சேர்’. கரும்பலகையில் ஒரு நீளமான கணக்கை இந்த மூலையில் தொடங்கி அந்த மூலை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். நடுவில் எங்கோ ஒரு மைனஸ் அடையாளம் மட்டும் காணாமல் போயிருக்கும். முன்வரிசையில் யாராவது கையை உயர்த்தினால், “அது உங்களுக்காக விட்டது” என்பார். நானும் அந்த முன்வரிசையில் உட்கார்ந்தவன்தான். அவர் எங்களுக்காக விட்டவற்றை எல்லாம் சேர்த்திருந்தால் ஒரு சாக்கு நிரம்பியிருக்கும்.

இது பள்ளிக்கூடக் காலத்திலேயே வந்த வியாதி. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் பார்த்த கறுப்பையாவின் மகன் அவர். கம்பளையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். கணக்கு வாத்தியார் ஒவ்வொரு தாளிலும் ஒரே வசனத்தை எழுதுவாராம்: “வழி சரி, குறி பிழை.” பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்த முஹைதீன் என்ற புடைவைக் கடைக்காரர் மகனுக்கு வழியும் பிழை, குறியும் பிழை. ஆனாலும் அவர்தான் கூட்டாளியைத் தேற்றினார்.

“மச்சான், நீ கணக்கப் போடு. குறி போட வேற ஆள் வெச்சிக்கலாம்.”

அந்த வேறு ஆளைத் தேடித்தான் ராஜலிங்கம் தன் வாழ்நாள் முழுவதையும் செலவழித்தார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

அவர் பல்கலைக்கழகம் போனதில் பிரயாணக் களைப்பு எதுவும் கிடையாது. கலஹாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் பல்கலைக்கழகத்து மரங்களுக்கு நடுவே ஓடுகிறது. எல்லோரும் கண்டியில் இறங்க, இவர் கொஞ்சம் முன்னதாக இறங்கினார், அவ்வளவுதான். கணிதத்தில் முதல் வகுப்பு கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் இங்கிலாந்தில் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசிலும் கிடைத்தது. கடவுச்சீட்டுதான் கிடைக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துத் தமிழர்களுக்குக் குடியுரிமை சுலபத்தில் கிடைக்காத காலம் அது. இங்கேயே பிறந்த பிள்ளை இந்த நாட்டுப் பிரஜைதான் என்று நிரூபிக்க அப்பாவின் பழைய சான்றிதழ்களோடு கொழும்புக்கும் கண்டிக்கும் அப்பாவும் மகனும் அலைந்தார்கள். பட்டம் இருந்தது, மூளை இருந்தது, போவதற்கு இடமும் இருந்தது. எந்த நாட்டிலிருந்து போகிறார் என்பதுதான் தீரவில்லை.

அவருடைய பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், அவசரப்படாத மனிதர். “ஓம் ராஜலிங்கம், ஒரு வருசம் பொறுக்கலாம் எண்டு இங்கிலாந்திலயிருந்து எழுதியிருக்கினம். நீர் அதுவரைக்கும் சும்மா இராமல் எங்கையாவது படிப்பியும்” என்றார்.

அப்படித்தான் கண்டியில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தூய கணிதம் எடுக்கப் போனார். அங்கே ஏற்கெனவே ஒருவர் அதே பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தார். சந்திரிகா. அதே பல்கலைக்கழகத்தில் இவருக்கு ஒரு வகுப்புப் பின்னால் படித்தவர். அவர் குறி விட்டதாகச் சரித்திரமே கிடையாது. சேர் முதல் நாள் பலகையில் போட்டுவிட்டுப் போன கணக்கைச் சந்திரிகா அடுத்த வகுப்பில் அழிக்காமல் அப்படியே வைத்து, இரண்டு இடத்தில் சிவப்புச் சோக்கால் வட்டம் போட்டார். அடுத்த வாரம் மூன்று வட்டம். மாணவர்கள் வட்டங்களை எண்ண ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வாசலில் இருவரும் முகத்துக்கு முகம் சந்தித்தார்கள்.

“சேர், நீங்க வேணும்னே விடுறீங்களா?”

“இல்ல. ஆனா இப்ப ரெண்டு மூணு நாளா வேணும்னுதான் விடுறேன்.”

கடவுச்சீட்டு வந்தபோது கல்யாணமும் பேசி முடிந்திருந்தது. குடிவரவுத் திணைக்களத்தின் தாமதத்தைப் பற்றி மலையகத்தில் நல்ல வார்த்தை சொன்ன ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

இங்கிலாந்தில் அவர் சேர்ந்த குழு அப்போது புதிதாக ஒரு வேலையில் இறங்கியிருந்தது. கணினி என்றால் எண்களைக் கூட்டிக் கழிக்கிற இயந்திரம் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்தார்கள். இவர்கள் அதற்கு எழுத்துகளைக் கொடுத்து அட்சரகணிதம் செய்ய வைத்தார்கள். அடைப்புக்குறியை நீக்கு, காரணிப்படுத்து, தொகையிடு என்றால் இயந்திரம் நாம் தாளில் செய்வது போலவே செய்து, விடையையும் சூத்திரமாகவே தரும். மைனஸை விடவே விடாது. ராஜலிங்கத்துக்குத் தன் இடம் இதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கணினிக்குக் கொடுக்கும் துளையிட்ட அட்டைகளைப் பெட்டி பெட்டியாகச் சுமந்துகொண்டு குளிரில் நடந்தார். வீட்டுக்கு எழுதும்போது தன் வேலையை அப்பாவுக்குப் புரியும்படி விளக்கினார். கறுப்பையா அதை ஃபெக்டரியில் எல்லோருக்கும் சொன்னார்: “எம் மகன் சீமையில மெசினுக்கு டியூசன் குடுக்குறான்.” இத்தனை வருடத்தில் அவருடைய துறைக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

எழுபத்தொன்பதில் கலாநிதியாகத் திரும்பி வந்தார். கல்யாணம் நடந்தது. கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. அவருக்குப் பேராதனையில் விரிவுரை, சந்திரிகாவுக்குக் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் வேலை.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தைப் பற்றிச் சேர் பேசமாட்டார். முஹைதீன் கம்பளையிலிருந்து ஒரு வேனில் வந்து, புடைவைக் கட்டுகளுக்கு நடுவே இருவரையும் உட்கார வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஊர் அடங்கும்வரை அங்கேதான் இருந்தார்கள். முஹைதீனின் மனைவி றலியா அவர்களுக்கென்று தனியாகப் பானை வாங்கி மரக்கறி சமைத்தாராம். திரும்பி வந்தபோது கட்டுகஸ்தோட்டை வீட்டில் கதவு இருந்தது, உள்ளே எதுவும் இல்லை. இதில் பகிடி செய்ய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாட்டில் வேறொரு கலவரம். பல்கலைக்கழகங்களை மூடிவிட்டார்கள். விரிவுரையாளர்களுக்குச் சம்பளம் வந்தது, வேலை இல்லை. கணினிக் கூடத்துக்குப் பூட்டு. வீட்டில் சும்மா இருந்த ராஜலிங்கம் சமையலறையில் சாமான்களை அகர வரிசைப்படி அடுக்க ஆரம்பித்தார். சந்திரிகா பொறுத்துப் பார்த்தார். உளுந்தும் உப்பும் ஒரே தட்டில் வந்த அன்று முஹைதீனுக்கு டெலிபோன் எடுத்தார்.

“முஹைதீன் நானா, உங்க தம்பி சவூதியிலேருந்து ஒரு கொம்பியூட்டர் கொண்டாந்ததா சொன்னீங்களே. அது இப்ப என்ன செய்யுது?”

“அது சும்மாதான் ஈக்கிது தங்கச்சி. றலியா மேலுக்கு ஒரு லேஸ் துணி போட்டு வெச்சீக்கா. தம்பி ஹபீல் திரும்பிப் போயிட்டான், எங்களுக்கு அத எப்பிடிப் பத்த வெக்கிறன்டும் தெரியா.”

“அதோட சேத்து வெக்க ஒரு ஆள அனுப்பட்டுமா?”

இப்படித்தான் கம்பளையில், புடைவைக் கடையின் பின்னறையில், சீத்தைத் துணிச் சுருள்களுக்கும் பள்ளிக்கூட வெள்ளைத் துணிக்கும் நடுவே, இலங்கையில் எழுதப்பட்ட எனக்குத் தெரிந்த ஒரே அட்சரகணித மென்பொருள் பிறந்தது. காலையில் கண்டியிலிருந்து ரயிலில் போவார். ரயில் இல்லாத நாளில் பஸ். பஸ்ஸும் இல்லாத நாளில் கம்பளையிலேயே தங்கிவிடுவார். மின்சாரம் போகும்போது முன்னால் வந்து துணி அளந்து கொடுப்பார். முஹைதீனின் கணக்குப்படி அவர் அளந்த துணி எப்போதும் கொஞ்சம் கூடவாகவே இருக்கும்.

மென்பொருளுக்குச் ‘சுருக்கி’ என்று பெயர் வைத்தார். ‘சுருக்குக’ என்றுதானே எல்லாப் பரீட்சைத் தாளிலும் முதல் கேள்வி வரும். முஹைதீனுக்கு அந்தப் பெயர் வேறு மாதிரிக் கேட்டது. “சுருக்கு வெச்ச பாவாடயா, சுருக்குப் பையா மச்சான்?”

பின்னறையில் ஒரு படித்தவர் கொம்பியூட்டரோடு இருக்கிறார் என்ற செய்தி கம்பளைச் சந்தைக்குப் போனது. அந்த நாட்களில் கொம்பியூட்டர் என்றால் ஜாதகம்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வடிவம்மா என்ற அம்மா மகளுடைய ஓலையையும் மாப்பிள்ளையுடைய ஓலையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தான் பார்ப்பது அந்தக் கணக்கு இல்லை என்று ராஜலிங்கம் விளக்கினார். “எழுத்த வெச்சுக் கணக்குப் பாக்குறீங்கன்னு சொன்னாங்களே” என்றார் வடிவம்மா. மறுக்க முடியவில்லை. கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் என்ன செய்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்களா, பிடித்திருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆம் என்று வந்தது. “அப்ப பொருந்துது” என்றார். மறு வாரம் வாசலில் ஒரு வரிசையே நின்றது. வந்தவர்கள் கல்யாணச் சேலையையும் அங்கேயே எடுத்தார்கள். முஹைதீன் இதை நிறுத்த எந்த முயற்சியும் செய்யவில்லை.

தொண்ணூறில் பல்கலைக்கழகம் திறப்பதற்குச் சற்று முன் சுருக்கி முழுமையானது. தைப்பொங்கலுக்குத் துணி எடுக்க வந்த சந்திரிகாவைப் பின்னறைக்கு அழைத்துப்போய்க் கதிரையில் உட்கார வைத்தார். முஹைதீன் மூன்று போத்தல் போர்ட்டெல்லோ சோடா எடுத்துக்கொண்டு வந்தார்.

“என்ன கணக்கு வேணும்னாலும் குடு. உயர்தரத் தாள்ல உள்ளது எல்லாம் இது போடும்” என்றார் ராஜலிங்கம்.

சந்திரிகா கொடுத்த முதல் மூன்று கணக்குகளையும் சுருக்கி ஒழுங்காகப் போட்டது. ராஜலிங்கத்துக்கு முகம் மலர்ந்துகொண்டே வந்தது. நான்காவதாகச் சந்திரிகா மிகச் சின்னதாக ஒன்று கொடுத்தார். ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கம். அதை மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரைக்கும் தொகையிட வேண்டும். அதாவது அந்த வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு என்ன.

சுருக்கி யோசிக்கவே இல்லை. விடை: மைனஸ் இரண்டு.

“பாத்தியா” என்றார் ராஜலிங்கம்.

“பாத்தேன்” என்றார் சந்திரிகா.

மேசையில் கிடந்த தையல் சோக்கை எடுத்தார். பக்கத்தில் விரித்திருந்த கறுப்புத் துணியில் ஒரு கிடைக்கோடு இழுத்தார். அதற்கு மேலே இடது பக்கமிருந்து ஒரு வளைகோடு ஏறி ஏறி நடுவில் துணியின் விளிம்பையும் தாண்டிப் போனது. வலது பக்கமிருந்தும் அதே போல ஒன்று.

“இது முழுக்கக் கோட்டுக்கு மேலதானே இருக்கு? ஒரு இடத்துலயாவது கீழ வருதா?”

“வரல.”

“அப்ப பரப்பு எப்பிடிங்க மைனஸ்ல வரும்? நடுவுல இது வானத்துக்குப் போகுது. அளக்கவே முடியாது. உங்க மெசின் அந்தப் பக்கம் ஒரு காலையும் இந்தப் பக்கம் ஒரு காலையும் வெச்சு, நடுவுல கோடு அறுந்து கெடக்குற பள்ளத்தப் பாக்காமலே தாண்டிருச்சு.”

ராஜலிங்கம் விதியைச் சொன்னார். விதி சரிதான். விதியைப் பிரயோகித்த இடம்தான் சரியில்லை. அது அவருக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டே இன்னும் கொஞ்ச நேரம் விதியைச் சொன்னார். முஹைதீன் துணியை ஒரு தரம் பார்த்தார், திரையை ஒரு தரம் பார்த்தார்.

“மச்சான், யாராச்சும் வந்து மைனஸ் ரெண்டு யார்ட் சீத்தை வெட்டித் தாங்கன்டு கேட்டா, நான் எதப் புடிச்சு வெட்ட?”

ராஜலிங்கத்துக்கு வலித்தது பிழை என்பதால் அல்ல. பிழை விடாத ஒன்றைச் செய்யத்தான் அவர் இந்தத் துறைக்கே வந்தார். தன் கையில் இருந்த வியாதியைத் தானே இயந்திரத்துக்கும் ஒட்டிவிட்டோமோ என்று நினைத்ததில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. சந்திரிகாவுக்கும் மனம் கேட்கவில்லை. ஒரு மாலை தேநீர்க் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்க எழுதினது இருக்கே, அதுங்க இந்தக் கணக்குக்கு என்ன சொல்லுதுன்னு கேட்டுப் பாருங்களேன்” என்றார்.

இங்கிலாந்திலிருந்த பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிக் கேட்டார். தான் பரிசோதித்தவற்றில் ஒன்றிரண்டு இதே மாதிரி மைனஸ் இரண்டு என்றுதான் சொல்கின்றன என்று பதில் வந்தது. அன்று சேர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் அவருடைய உண்மையான உழைப்பு. ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கத்தில் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. அரைப் பக்கம் நீளும் சூத்திரத்தில் பள்ளம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதைவிட மோசமாக, கணக்கிலேயே பள்ளம் இல்லாதபோதும் இயந்திரம் தான் போன வழியில் ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடுவதும் உண்டு. எது கணக்கின் பள்ளம், எது இயந்திரத்தின் பள்ளம் என்று பிரித்து, இரண்டாவதை மூடிவிட ராஜலிங்கம் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். கட்டுரை ஒரு நல்ல சஞ்சிகைக்குப் போனது. நன்றியுரையில், “கறுப்புத் துணியில் வரைந்து காட்டிய என் மனைவிக்கு” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இந்தக் கறுப்புத் துணி என்பது எந்த முறையைக் குறிக்கிறது, மேற்கோள் தரவும் என்று மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்.

அந்தக் கட்டுரையால் கனடாவில் ஒரு கம்பனி கூப்பிட்டது. அட்சரகணித மென்பொருள் செய்து உலகெங்கும் விற்கிற கம்பனி. தொண்ணூறுகளின் நடுவில் இருவரும் போனார்கள். இரண்டு வருடங்களில் திரும்பி வந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு கதைகள் உண்டு.

சேரின் கதை: அவர் எழுதிய பகுதி, பள்ளம் இருக்கும் இடத்தில் “இந்த விடையை நம்பவேண்டாம்” என்று பயனாளருக்கு ஓர் எச்சரிக்கை காட்டும். விற்பனைப் பிரிவுக்கு அது பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்கு விடைதான் வேண்டும், எச்சரிக்கையைச் சின்ன எழுத்தில் வேறெங்காவது போடலாம் என்றார்கள். இவர் முடியாது என்றார். கூட்டம் மேல் கூட்டம். ஒரு கூட்டத்தில் அந்த வளைகோட்டை வரைந்து காட்டினார். அழகாக இருக்கிறது, விளம்பரத்தில் போடலாம் என்றார்கள். கடைசியில் எச்சரிக்கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். தான் வந்த வேலை முடிந்துவிட்டது என்று அந்த மாதமே இராஜிநாமாக் கொடுத்தார்.

சந்திரிகாவின் கதை: “அந்த ஊர்ல கார் இல்லாம ஒண்ணும் நடக்காது. இவரு டிரைவிங் டெஸ்ட்ல மூணு வாட்டி ஃபெயில். வலதுன்னா இடதுல திரும்புறாரு. மூணாவது வாட்டி அந்த ஆபிசரே இறங்கி நடந்து போயிட்டாரு.”

இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பது என் முடிவு. எப்படியோ எங்களுக்கு ஒரு ஆசிரியர் திரும்பக் கிடைத்தார்.

சந்திரிகா டீச்சரை இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றை மறைப்பது நியாயமில்லை. திரும்பி வந்த பிறகு உயர்தரப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு வினா விடைத் தொகுப்பு வெளியிட்டார். சேர் அதிலுள்ள எல்லாக் கணக்குகளையும், யாரும் கேட்காமலே, சுருக்கியிடம் கொடுத்துப் பார்த்தார். ஒரு விடை பிழை. அதைச் சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த தருணம் பொருத்தமாக இல்லை: வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். மேலும் கீழும் ஒரு தரம் படித்தார்.

“அச்சுப் பிழை” என்றார்.

“மூணு வரி முழுக்கவா?”

“அச்சுக்காரர் கவனமில்லாத ஆள்.”

இரண்டாம் பதிப்பில் அந்தக் கணக்கையே காணவில்லை.

சேர் ஓய்வு பெற்றபோது சுருக்கியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று இணையத்தில் இலவசமாக விட்டார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பின்லாந்தில் யுஹா என்ற ஒருவர் மட்டும் கவனித்தார். தினமும் ஒரு திருத்தம் அனுப்பினார். சேர் தினமும் அதை மறுத்தார். மறுத்தவற்றில் சிலதை மறுநாள் மெதுவாக ஏற்றுக்கொண்டார். இப்படியே வருடங்கள் போயின. ஒருவர் குரலை மற்றவர் கேட்டதில்லை. திடீரென்று ஒரு ஜனவரியில், பின்லாந்துக் குளிருக்குத் தப்பி யுஹா கண்டிக்கு வந்து நின்றார்.

நெடிய, வெளிறிய, வாய் திறக்காத மனிதர். டீச்சர் இடியப்பமும் சொதியும் வைத்தார், சாப்பிட்டார். இன்னும் வைத்தார், அதையும் சாப்பிட்டார். பிறகு சேரின் அறைக்குள் போய் ஆளுக்கொரு கணினிமுன், ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். அன்று முழுவதும் ஒரு சத்தமில்லை. மறுநாளும் அப்படியே. நான் பார்க்கப் போனபோது டீச்சர் கவலையோடு கதவடியில் நின்றார்.

“இவ்வளவு தூரம் வந்த மனுசன். ஒரு வார்த்தை பேசக் கூடாதா?” என்று உள்ளே எட்டிக் கேட்டார்.

சேர் திரும்பாமலே சொன்னார். “பேசுறோமே. காலையிலேருந்து பெரிய சண்டை.”

“சத்தமே கேக்கலையே.”

“ஈமெயில்ல போடுறோம். அவரு இப்ப ரொம்பக் கடுமையா ஒண்ணு எழுதியிருக்காரு. பதில் எழுதிட்டு இருக்கேன்.”

யுஹாவின் முதுகு இலேசாகக் குலுங்கியது. சிரித்தார் போலிருக்கிறது.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு மேசையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். கணினிகளோடும் மனிதர்களோடும் மேசைகளைத் திருப்பி, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி போட்டோம். இருவருக்கும் அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. டீச்சர் நடுவில் இரண்டு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு, டியூசன் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று குடையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.